உப்புக்கும் வாக்குக்கும் என்ன கணக்கு?

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: சபை, தேர்தல், காசு. 2025 மே 6 உள்ளூராட்சிச் சபைத் தேர்தலில் தெரிவானவர்கள் கதிரையில் அமர்ந்த பிறகுதான் சனங்களுக்குக் கேள்விகள் வரத் தொடங்கியிருக்கின்றன போலும். திருகோணமலை மாவட்டத்துச் சபைகளில் 31 வருடம் லிகிதராக இருந்தவள் என்பதால் எல்லாக் கடிதங்களையும் ஆசிரியர் என்னிடம் தந்துவிட்டார். எழுதியவர்களின் பெயரைப் போடவில்லை. சின்ன ஊர், ஆளுக்கு ஆள் தெரியும்.

கேள்வி: அக்கா, எங்கள் ஒழுங்கை பள்ளமான இடம். பக்கத்து வளவுக்காரர் கிரவல் கொட்டி நிலத்தை உயர்த்தி, வடிகானை மூடி மதில் கட்டிவிட்டார். போன மாரியில் எங்கள் வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர். மெம்பரிடம் போனோம். "தேர்தலுக்கு முதல் உங்களுக்குப் பத்துத் தகரமும் அரிசிப் பையும் தந்தோம்தானே, இன்னும் என்ன?" என்கிறார். வாங்கியது உண்மை. என் கணவரும் "உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள், இனி அவரிடம் போகாதே" என்கிறார். வாங்கிவிட்டோம் என்பதற்காக வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா?
— ஊர் போட வேண்டாம் என்று கேட்ட வாசகி

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். உங்கள் கணவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொல்வது நான் வளர்ந்த வீட்டில் தினமும் கேட்ட வார்த்தை.

என் அப்பா கடலுக்குப் போனவர். சொந்தமாக ஒரு சின்ன வள்ளம் இருந்தது. வலை வாங்கவும் பிறகு இஞ்சின் வாங்கவும் ஒரு முதலாளியிடம் முற்பணம் எடுத்திருந்தார். வட்டி என்று ஒரு சதமும் இல்லை. ஆனால் பிடிக்கிற மீன் முழுவதையும் அவருக்குத்தான் கொடுக்க வேண்டும், அவர் சொல்கிற விலைக்கு. சந்தை விலைக்கும் அவர் விலைக்கும் இடையில் எப்போதும் சில ரூபாய் குறையும். அப்படிக் குறைந்ததை வருடக் கணக்கில் கூட்டிப் பார்த்திருந்தால் அப்பா இன்னும் இரண்டு இஞ்சின் வாங்கியிருப்பார். அவர் கூட்டிப் பார்க்கவில்லை. பெரியக்காவின் கலியாணத்துக்குக் கேட்காமலே காசு கொண்டுவந்து தந்த மனிதர் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். தேர்தல் வந்தால் முதலாளி காட்டுகிற ஆளுக்குத்தான் எங்கள் வீட்டு வோட்டு. யாரும் மிரட்டவில்லை. வேறு ஆளுக்குப் போட அப்பாவுக்கே மனம் வராது. அப்படி வென்ற ஒருவர்கூட எங்கள் கரையில் மீன் ஏலம் போட ஒரு கொட்டில் கட்டித் தரவில்லை. ஏலம் வந்திருந்தால் அப்பாவுக்கு விலை கிடைத்திருக்கும், முதலாளிக்கு அது நட்டம். இது எனக்கு விளங்கியபோது எனக்கு 40 வயது. அப்பா அப்போது உயிரோடு இல்லை.

உப்பிட்டவரை நினைக்கத்தான் வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு எங்களைக் கூப்பிட்டு இருத்திச் சமைத்துப் போட்ட ஒரு முஸ்லிம் குடும்பத்தை நான் இன்றும் நினைக்கிறேன். அவர்கள் தங்கள் பெயரைக்கூடச் சொல்லவில்லை. பிறகு ஒருநாளும் வந்து எங்களிடம் எதையும் கேட்கவில்லை. அது உப்பு. தேர்தலுக்குச் சில நாள் முன்னம் வந்து, தேர்தல் முடிந்ததும் சொல்லிக்காட்டப்படுகிற தகரத்துக்கு அந்தப் பெயரைக் கொடுக்காதீர்கள்.

அந்தத் தகரம் யாருடைய காசு என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். அரசாங்கத் திட்டத்தில் வந்ததென்றால் அது ஏற்கெனவே உங்களுடையது. வேறு யாரோ மெம்பருக்காகச் செலவழித்ததென்றால், அந்த ஆள் வேறு வழியில் அதைத் திருப்பி எடுப்பார். ஒரு கொந்தராத்தாக எடுக்கலாம், கண்டும் காணாமல் விடப்பட்ட ஒரு மதிலாகவும் எடுக்கலாம். உங்கள் பக்கத்து வளவில் நடந்தது அதுதானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வாக்குக்காகப் பொருள் கொடுப்பது தேர்தல் சட்டப்படி குற்றம், வாக்கைத் தருவதாகச் சொல்லி வாங்குவதும் குற்றம். அடுத்த முறை பை வாசலுக்கு வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். உலை வைக்க அரிசி இல்லாத வீட்டைப் பார்த்து இதைச் சொல்ல எனக்கு நாக்குக் கூசுகிறது, இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வாங்கிய தகரத்துக்கும் வடிகானுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. தகரம் வாங்கிய வீட்டுக்கு வடிகான் வெட்ட வேண்டாம் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை.

சரி, இனிச் செய்ய வேண்டியது. மெம்பர் வீட்டுக்குப் போவதை விட்டுவிட்டுச் சபைக் கந்தோருக்குப் போங்கள். வீதியோரம் மதில் கட்டச் சபையின் அனுமதி வேண்டும். இந்த மதிலுக்கு அனுமதி கொடுக்கப்பட்டதா, கொடுத்திருந்தால் வரைபடத்தில் வடிகான் எங்கே இருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம். தருவார்களா மாட்டார்களா என்ற முடிவை 14 வேலைநாட்களுக்குள் சொல்ல வேண்டும். கடிதத்தைக் கொடுத்ததும் பெற்றுக்கொண்டதற்கான துண்டை வாங்காமல் படியிறங்காதீர்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவள் சொல்கிறேன், வாய்ச்சொல்லாக வருகிற முறைப்பாடு பின்னேரம் ஆகுமுன் மறந்துபோகும். திகதி போட்டு முத்திரை குத்திய கடிதத்தை மறக்கப் பயமாக இருக்கும்.

தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகினால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். நுளம்பு பெருக இடம் விடுவது 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், வளவு யாருடையதாக இருந்தாலும். தண்ணீர் நிற்கிறபோதே படம் எடுத்து வையுங்கள். ஒழுங்கையில் தண்ணீர் ஏறுகிற மற்ற வீட்டுக்காரர்களையும் சேர்த்து ஒரே கடிதத்தில் கையெழுத்து வாங்குங்கள். அவர்களும் தகரம் வாங்கியவர்களாக இருப்பார்கள், கூச்சப்படுவார்கள். முதல் கையெழுத்தை நீங்கள் போட்டால் மற்றவர்களும் போடுவார்கள்.

கேள்வி: நாங்கள் வாடகை வீட்டில் இருக்கிறோம். சோலைவரி (வீடு, காணிக்குச் சபை அறவிடும் வரி) கட்டுவது வீட்டுக்காரர். "வரி கட்டாத நீங்கள் என்ன கேள்வி கேட்கிறீர்கள்" என்று சபையில் ஒருவர் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.
— வாசகர், உவர்மலை

பதில்: வீட்டுக்காரர் அந்த வரியையும் சேர்த்துத்தான் உங்களிடம் வாடகை வாங்குகிறார். தவிர, சபையின் வருமானம் சோலைவரி மட்டுமில்லை. நீதிமன்றத்தில் கட்டுகிற தண்டப்பணமும் காணி உறுதி முடிக்கிறபோது கட்டுகிற முத்திரைக் கட்டணமும் மாகாண சபை வழியாக உள்ளூர்ச் சபைகளுக்குத்தான் வருகின்றன. சந்தையில் கீரைப் பிடி விற்கிற அம்மா கொடுக்கிற தரைவாடகையும் அங்கேதான் சேர்கிறது. நீங்கள் அந்த ஊரில் வசிப்பதே கேள்வி கேட்கப் போதும்.

சோலைவரி என்றதும் எனக்கு ஒரு ஞாபகம் வருகிறது. முழு வருட வரியையும் ஜனவரி 31க்கு முன் ஒன்றாகக் கட்டினால் நூற்றுக்குப் பத்து கழிவு உண்டு. ஒவ்வொரு ஜனவரியும் கழிவு எடுக்க வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கடைக்காரர்கள், வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ளவர்கள், ஓய்வூதியக்காரர்கள். கூலிவேலைக்காரர் யாரும் வரமாட்டார்கள். அந்தத் தொகையை ஒன்றாகச் சேர்க்க அவர்களால் முடியாது. அவர்களுடைய வரி நிலுவையாகி, அறிவித்தல் செலவும் சேர்ந்து, கடைசியில் பெரிய வீட்டுக்காரரை விடத் தங்கள் பங்குக்கு மேலாகவே கட்டுவார்கள். தேயிலையையும் அப்படித்தான் சின்னப் பைக்கற்றாக வாங்குவார்கள், மண்ணெண்ணெயைப் போத்தலாக வாங்குவார்கள், தண்ணீரை வாளியாக வாங்குவார்கள். கையில் மொத்தக் காசு உள்ளவனுக்கு எல்லாமே மலிவு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் வேலை செய்த ஒரு சபையில் தெருவிளக்கு முறைப்பாட்டுக்கு ஒரு பதிவேடு இருந்தது. விளக்கு எரியவில்லை என்று சொல்ல ஒரு அம்மா வெயிலில் நடந்து வருவார். பெயர், ஒழுங்கை, மின்கம்ப இலக்கம் எல்லாம் எழுதி இலக்கம் கொடுப்பேன். அடுத்த நாள் ஏணி வண்டி புறப்படும்போது பதிவேட்டை யாரும் கேட்பதில்லை. தலைமைக்குத் தொலைபேசி எடுத்தவர்களின் வீதிகள்தான் ஒரு துண்டில் எழுதிக் கொடுக்கப்படும். கழிவுத்தொட்டி அள்ளுகிற கலி பவுசரும் அப்படித்தான். வருடத்தின் கடைசியில் பதிவேட்டைக் கூட்டிப் பார்த்தால் எழுதியவர்களில் பாதிப்பேருக்கு மேலானவர்களின் முறைப்பாடு அப்படியே நிற்கும். இதில் லஞ்சம் என்று எதுவும் கைமாறவில்லை. யாரிடம் யாருடைய தொலைபேசி இலக்கம் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். அந்த வருடங்களில் நான் அதைப் பெரிதாக எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும்.

கேள்வி: 26 வயது. அடுத்த சபைத் தேர்தலில் நண்பர்களோடு சுயேச்சைக் குழுவாக நிற்க ஆசை. காசில்லாதவனுக்கு இது எதற்கு என்று வாப்பா கேட்கிறார். உண்மையில் எவ்வளவு செலவாகும்?
— வாசகர், கிண்ணியா

பதில்: தம்பி, வாப்பா சொல்வதில் பயம் இருக்கிறது, பிழை இல்லை. முதலில் கட்டுப்பணத்தைப் பாருங்கள். அங்கீகரிக்கப்பட்ட கட்சி என்றால் ஒரு வேட்பாளருக்கு 1,500 ரூபாய், சுயேச்சைக் குழு என்றால் 5,000 ரூபாய். தனி ஆளாக ஒரு வட்டாரத்தில் மட்டும் நிற்க முடியாது, சபைக்குரிய முழுப் பட்டியலையும் நிரப்ப வேண்டும். 30 பேர் தேவைப்படுகிற சபை என்றால் கட்சிக்கு 45,000, உங்களுக்கு 150,000. ஓட்டப்பந்தயத்தில் வெறுங்காலோடு நிற்பவனை இன்னும் பத்து அடி பின்னால் நிற்கச் சொல்வது போன்றது இது. இந்த ஏற்பாடு எனக்கு ஒருபோதும் நியாயமாகப் படவில்லை.

அதற்குப் பிறகுதான் பெரிய செலவு. ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ, பெற்றோல், பின்னேரம் கந்தோரில் கூடுகிற பொடியன்மாருக்குத் தேநீரும் பணிசும், வாக்கெடுப்பு நாளில் முகவர்களுக்குச் சாப்பாட்டுப் பார்சல். இதில் ஒன்றும் சட்டவிரோதமில்லை. ஆனால் இந்த இடத்தில்தான் யாராவது ஒருவர் வந்து, "தம்பி, பார்சலை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார். மண் அள்ளுகிறவராக இருக்கலாம், வீதிக் கொந்தராத்து எடுக்கிறவராக இருக்கலாம். அன்றைக்கு அவர் எதையும் கேட்கமாட்டார். வென்ற பிறகு அவருடைய கேள்விப்பத்திரம் (டெண்டர்) மேசைக்கு வரும்போது உங்கள் கை எப்படி எழும்பும் என்று இப்போதே யோசியுங்கள். முதல் கேள்வியில் எழுதிய தங்கச்சியின் நிலைதான் உங்களுக்கும் வரும், தகரத்துக்குப் பதில் சாப்பாட்டுப் பார்சல்.

2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் தேர்தல் செலவுக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. முடிவு வந்து 21 நாட்களுக்குள் வரவுசெலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும், யார் தந்தார்கள் என்பதும் அதில் வர வேண்டும். இந்தச் சட்டம் உங்களைப் போன்றவர்களுக்கு உதவி. முதல் நாளிலிருந்து ஒரு கொப்பி போட்டு, தேநீர்க் காசையும் எழுதுங்கள். 100 ரூபாய் தந்தவரையும் எழுதுங்கள். ஒருவரிடம் 100,000 வாங்காமல் ஆயிரம் பேரிடம் 100 ரூபாய் வாங்கினால் அந்த ஆயிரம் பேரும் உங்களைக் கேள்வி கேட்பார்கள். அது நல்லதுதான்.

வட்டார முறையில் இன்னொரு விஷயம் இருக்கிறது. 2018 தேர்தலிலிருந்து சபை உறுப்பினர்களில் நூற்றுக்கு 60 பேர் வட்டாரத்திலிருந்தும் 40 பேர் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். வாக்குகளையும் வட்டாரத்திலேயே எண்ணுகிறார்கள். எந்த வட்டாரம் யாருக்குப் போட்டது என்று அன்றிரவே கணக்குப் போட்டுவிடலாம். காசு கொடுப்பவர்களுக்கு இது வாய்ப்பு, ஏனென்றால் கொடுத்தது வேலை செய்ததா என்று பார்க்க முடிகிறது. உங்களுக்கும் வாய்ப்புத்தான். வட்டாரம் சின்னது, ஒவ்வொரு வீட்டுக்கும் கால்நடையாகப் போய்விடலாம். தனியொருவர் யாருக்குப் போட்டார் என்பது இன்னமும் யாருக்கும் தெரியாது. பயப்படுகிற ஆட்களிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

இது எதற்கு என்று கேட்கும் வாப்பாவிடம் 2021 நவம்பர் 23ஐ ஞாபகப்படுத்துங்கள். குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டி முடிக்கும்வரை சனங்கள் காசு கொடுத்து ஒரு மிதப்பில் கடந்தார்கள். அன்று காலை அது கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்பட எத்தனை உயிர் போனது என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பாலம் எப்போது முடியும், மிதப்பு ஓட்ட யார் அனுமதி கொடுத்தது, உயிர்காப்பு அங்கி எங்கே? அந்தக் கேள்விகளை அது கவிழுமுன் சபையில் எழுப்ப ஒரு ஆள் தேவைப்பட்டது.

கேள்வி: மேல்மாடி வீட்டுக்காரருக்கு அஸ்வெசும (வறிய குடும்பங்களுக்கான அரசாங்க உதவித்தொகை) கிடைக்கிறது, எங்களுக்கு இல்லை. கட்சிக்காரர் சொன்னால்தான் கிடைக்குமா?
— வாசகி, பாலையூற்று

பதில்: இல்லை. 2023 ஜூலையில் தொடங்கிய இந்தத் திட்டம் 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளி போடுகிறது. வீடு, மின்சாரம், வாகனம், படிப்பு, நோய் என்று பல விஷயம். அதில் ஒன்றைத் தவறாகப் பதிந்திருந்தாலும் முடிவு மாறிப்போகலாம். மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 17,500, வறிய குடும்பத்துக்கு 10,000 என்று 2025 ஜனவரியில் கூட்டினார்கள். சின்னத் தொகையில்லை, அதனால் சும்மா விட்டுவிடாதீர்கள். பிரதேச செயலகத்தில் உங்கள் விபரத்தில் என்ன பதியப்பட்டிருக்கிறது என்று கேட்டுப் பார்த்து, பிழை இருந்தால் அதைக் குறிப்பிட்டு மேன்முறையீடு எழுதுங்கள். பக்கத்து வீட்டைப் பற்றி எழுதுவதைவிட உங்கள் வீட்டைப் பற்றி எழுதுவது பலன் தரும். படிவத்தை எந்தக் கட்சிக் கந்தோரிலும் வாங்க வேண்டாம்.

கேள்வி: 2022இல் மண்ணெண்ணெய் விலை ஏறியபோது கணவரின் தொழில் படுத்துவிட்டது. கிழமைக் கடன் எடுத்தேன். அதைக் கட்ட இன்னொன்று, அதற்கு இன்னொன்று. இப்போது நான்கு கடன் புத்தகம். எங்கள் கடன் குறூப் தலைவிதான் தேர்தல் கூட்டத்துக்கும் எங்களைப் பஸ்ஸில் கூட்டிப்போகிறவர். போகாவிட்டால் அடுத்த கடனுக்குக் கையெழுத்து வைக்கமாட்டாரோ என்று பயம். இந்த முறையும் போனேன். வெட்கமாக இருக்கிறது.
— வாசகி, வெருகல் பக்கம்

பதில்: வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை, பிள்ளை. லீற்றர் 87 ரூபாயாக இருந்த மண்ணெண்ணெய் 2022 ஆகஸ்டில் ஒரே இரவில் 340 ஆனது. அந்தக் கிழமை வள்ளங்கள் கரையில் கிடந்ததை நானும் பார்த்தேன். கடலுக்குப் போனால் எண்ணெய்க் காசுகூட வராது, போகாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. அந்தச் சமயத்தில் உங்கள் வாசலுக்கு வந்தது கடன்காரர் மட்டும்தான். வங்கி வந்ததா? சபை வந்ததா?

2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில், திருகோணமலை உட்பட, பெண்களின் 100,000 ரூபாய்வரையான நுண்கடனை அரசாங்கம் பொறுப்பெடுத்தது. அப்போது எத்தனையோ வீடுகளில் மூச்சு வந்தது. ஆனால் கடன் எடுக்க வைத்த காரணங்கள் அப்படியே இருந்தன. மாரியில் தொழில் இல்லை, நோய் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகப் பஸ் காசு இல்லை, அஞ்சாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்கு ரியூசன் காசு வேண்டும். அதனால் அதே ஒழுங்கைகளுக்குப் புதுப் புத்தகங்கள் வந்தன.

குறூப் தலைவி உங்களுக்குக் கெடுதல் நினைக்கிறவர் என்று நான் எண்ணவில்லை. அவருக்கும் புத்தகம் இருக்கும். பத்துப் பெண்களை ஒரே நேரத்தில் ஒரு திண்ணையில் இருத்தக்கூடிய ஆள் ஊரில் அவர் ஒருவர்தான், அதனால் கட்சிக்காரர் நேரே அவரிடம் வருகிறார்கள். ஒரு வாகனமும் கொஞ்சக் காசும் கொடுத்தால் பத்து வீடு வந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. நீங்கள் கூட்டத்துக்குப் போனதில் ஒன்றும் குறைந்துவிடவில்லை. வாக்குச்சாவடியின் மட்டைத் தடுப்புக்குப் பின்னால் உங்களோடு யாரும் வரமுடியாது.

கடன் விஷயத்தில் உடனே செய்ய வேண்டியது ஒன்று: ஐந்தாவது புத்தகம் வேண்டாம், என்ன சொன்னாலும் வேண்டாம். நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள். எடுத்த தொகை, இதுவரை கட்டியது, மீதி. எழுதும்போது அழுகை வரும், எழுதுங்கள். எந்த நிறுவனம் மத்திய வங்கியில் பதிவு பெற்றது, எது பெறாதது என்று 1935 இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கலாம். பொழுதுபட்ட பிறகு வாசலில் வந்து கத்துகிறவர்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள். உங்கள் ஊரில் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம் இன்னும் உயிரோடு இருந்தால் அதில் சேருங்கள். கிழமைக்குக் கொஞ்சமாகச் சேமித்துத் தங்கள் காசையே தங்களுக்குள் கடன் கொடுக்கிற முறை அது. ஆறுதலாகத்தான் வளரும். ஆனால் அந்தக் கூட்டத்தில் இருந்து எழும்பும்போது நீங்கள் யாருடைய பஸ்ஸிலும் ஏற வேண்டியதில்லை.

கேள்வி: 2023 மார்ச்சில் சபைத் தேர்தல் நின்றது காசில்லாமலா?
— வாசகர், தம்பலகாமம்

பதில்: அப்படித்தான் சொன்னார்கள். 2023 மார்ச் 9இல் நடக்க வேண்டிய தேர்தல் திறைசேரியில் காசில்லை என்று தள்ளிப்போனது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. இடையில் இரண்டு வருடம் சபைகளில் மெம்பர்களே இல்லை, அதிகாரிகள்தான் நடத்தினார்கள். பெரிய ஆட்களின் வேலை அப்போதும் நடந்தது. ஒழுங்கைச் சனத்துக்குத்தான் போய்ச் சொல்ல ஆள் இருக்கவில்லை. மெம்பர்களைப் பற்றி எவ்வளவு குறை சொன்னாலும், இல்லாமல் இருந்த காலத்தை நான் மறக்கமாட்டேன்.

கேள்வி: நான் தையல் வேலை செய்கிறவள். பெண்களுக்கான 25 வீத ஒதுக்கீட்டால் பட்டியலில் போட்டு, இம்முறை சபைக்கு வந்துவிட்டேன். மற்றவர்கள் வாகனத்தில் வருகிறார்கள், நான் பஸ்ஸில். கூட்டத்துக்கு முதல்நாள் இரவு ஒரு ஹோட்டலில் ஆண்கள் கூடி எல்லாம் முடிவெடுத்துவிடுகிறார்கள், அடுத்த நாள் கைதூக்கத்தான் எங்களைக் கூப்பிடுகிறார்கள். வட்டாரம் இல்லாதவள் என்று வேலை ஒதுக்குவதிலும் சேர்ப்பதில்லை. நான் அங்கே இருந்து என்ன பயன்?
— சபை உறுப்பினர் ஒருவர்

பதில்: தங்கச்சி, 31 வருடம் அந்த மண்டபத்தின் மூலையில் இருந்து கூட்டக் குறிப்பு எழுதியவள் நான். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அந்த மேசையைச் சுற்றி ஒரு பெண்கூட இருக்கவில்லை. தேநீர் கொண்டுவருகிறவரும் நானும்தான். உங்கள் கடிதம் கண்டபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை.

ஹோட்டலில் முடிவானது சட்டத்தில் முடிவில்லை. சபை மண்டபத்தில் தீர்மானமாகி, குறிப்பில் எழுதப்பட்டால்தான் ஒரு சதமும் செலவழிக்க முடியும். அந்தக் குறிப்புத்தான் உங்கள் இடம். விளங்காத எதற்கும் கை தூக்காதீர்கள். "எனக்கு எதிர்ப்பு, பெயரோடு குறிப்பில் எழுதுங்கள்" என்று சொல்லுங்கள். அப்படி ஒரு தடவை ஒருவர் சொன்னபோது மண்டபம் எப்படி அமைதியானது என்று நான் பார்த்திருக்கிறேன். கேள்விப்பத்திர விபரம், கொடுப்பனவு வவுச்சர் எல்லாவற்றையும் பார்க்கக் கேளுங்கள். முதலில் முகத்தைச் சுளிப்பார்கள். தையல்காரி அளவு பிழைத்தால் ஒரு பார்வையில் கண்டுபிடிப்பாள். 200 மீற்றர் வீதிக்கு எத்தனை மீற்றருக்குக் கொங்கிறீற் போட்டார்கள் என்று நடந்து அளந்து பார்க்க உங்களுக்கு எந்தப் பட்டமும் தேவையில்லை.

வட்டாரம் இல்லை என்பதைக் குறையாக எடுக்காதீர்கள். சபையின் எல்லை முழுவதும் உங்களுடையது. முதல் வேலையாகத் தெருவிளக்குப் பதிவேட்டைக் கேளுங்கள். கடந்த 12 மாதத்தில் வந்த முறைப்பாடு எத்தனை, போட்ட விளக்கு எத்தனை, பதிவேட்டில் இல்லாத வீதிகளில் போட்டது எத்தனை என்று மூன்று நிரலாக எழுதி அடுத்த கூட்டத்தில் வாசியுங்கள். வேறு எதுவும் பேச வேண்டாம், வாசித்துவிட்டு இருந்துவிடுங்கள்.

பதிவேட்டின் எந்த நிரலில் எதைப் பார்க்க வேண்டும் என்று கோடு போட்டு ஒரு தாள் தயாரித்திருக்கிறேன். கடித உறையில் உங்கள் முகவரி இருக்கிறது, திங்கட்கிழமை தபாலில் போடுகிறேன்.